ஹெல்த் சென்டரில் புரோகிராம் & ரிசர்ச் கோஆர்டினேட்டர் பொறுப்பு: எதிலிருந்து தொடங்குவது?

தாழை:

வணக்கம். ஒரு பல்கலைக்கழக ஹெல்த் சென்டரில் புரோகிராம் மற்றும் ரிசர்ச் கோஆர்டினேட்டராகப் பொறுப்பேற்கப் போகிறேன். வேலையில் பாதி, தடுப்பூசி முகாம், மனநலப் பரிசோதனை வாரம், மாணவத் தன்னார்வலர் பயிற்சி ஆகியவற்றை நடத்துவது. மறுபாதி, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வு. தூக்கக் குறைவும் மனச்சோர்வும்தான் பொருள். சேரும்போது, 3 மாதத்தில், 6 மாதத்தில் என மூன்று முறை ஆன்லைனில் பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியலைப் பங்கேற்பாளர்கள் நிரப்ப வேண்டும். கணக்குப்படி கடைசிவரை 120 பேர் தேவை. 20 சதவீதம் பேர் விலகலாம் என்று சேர்த்து இலக்கு 144. இதுவரை 61 பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

முன்பு இருந்தவர் விலகிவிட்டார். ஓர் அலமாரி ஃபைல், ஒரு பகிர்வு ஃபோல்டர், ரெட்கேப் (ஆய்வு டேட்டாவைச் சேகரிக்கும் மென்பொருள்) புராஜெக்ட், இவைதான் கைக்கு வரும். என் கேள்விகள்:

1. ஃபைல்களில் முதலில் எதைப் பார்ப்பது?

2. பரிசோதனை வாரத்திலும் மாணவர்கள் நிரப்புவது அதே பி.எச்.கியூ-9 தான். அவற்றையும் ஆய்வில் சேர்த்தால் எண்ணிக்கை ஏறிவிடும் என்று குழுவில் ஒரு பேச்சு இருக்கிறது. செய்யலாமா?

3. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் அதில் 0 தவிர வேறு எதையாவது தேர்ந்தெடுத்தால் யார் பார்ப்பது? எழுத்தில் எந்த ஏற்பாடும் இல்லை.

4. சேர்க்கை மிக மெதுவாக நடக்கிறது. எப்படிக் கூட்டுவது?

கார்முகில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

அலமாரியைத் திறக்கும் முன் டெலிகேஷன் லாகைப் பாருங்கள், ஆய்வில் யாருக்கு எந்தப் பணி என்று குறிக்கும் பதிவேடு அது. அதில் உங்கள் பெயர், ஒப்படைக்கப்பட்ட பணிகள், தொடங்கும் தேதி, பி.ஐ. (ஆய்வின் தலைமை ஆய்வாளர்) கையெழுத்து எல்லாம் ஏறிய பிறகுதான் பங்கேற்பாளரிடம் ஒப்புதல் வாங்குவதும் டேட்டாவைத் தொடுவதும். திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்து, வியாழக்கிழமை லாகில் பெயர் ஏறி, நடுவில் நான்கு பேரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்த நான்கும் விதிமீறல். ஆள் மாறினால், ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்த விண்ணப்பம் போக வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். ஜி.சி.பி. (ஆய்வை முறையாக நடத்தும் நெறிகள்) பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த நெறிகளுக்கான சர்வதேச ஐ.சி.எச். வழிகாட்டியின் புதிய வடிவமான இ6 ஆர்3, 2025 ஜனவரியில் இறுதியானது. முந்தைய வடிவமான ஆர்2 படித்து வாங்கிய சான்றிதழ் உங்கள் நிறுவனத்தில் செல்லுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விலகியவரின் பெயருக்கு நேரே முடிவுத் தேதி போடச் சொல்லுங்கள், அவருடைய லாகின்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். தற்காலிகமாகக்கூட அவருடைய லாகினில் நுழையாதீர்கள். எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று காட்டும் ஆடிட் டிரெயில் அதோடு நம்பகத்தன்மையை இழந்துவிடும்.

அடுத்தது, எத்திக்ஸ் அனுமதி எந்தத் தேதிவரை என்று பாருங்கள். பெரும்பாலும் ஓராண்டுக்குத் தருவார்கள். காலாவதியாக ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி ஒருநாள் அறுந்தாலும் சேர்க்கையை நிறுத்த வேண்டும், அந்த இடைவெளியில் எடுத்த டேட்டா பயன்படுமா என்பது கமிட்டியின் கையில். கோஆர்டினேட்டர் மாறும் காலத்தில்தான் இந்தத் தேதி தவறும், ஏனென்றால் நினைவூட்டல் மின்னஞ்சல் விலகியவரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பிறகு நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: சேர்க்கைப் பதிவேட்டில் எத்தனை பேர், கையெழுத்தான ஒப்புதல் படிவங்கள் எத்தனை, ரெட்கேப்பில் எத்தனை ரெக்கார்டு, கமிட்டிக்குக் கடைசியாக அனுப்பிய அறிக்கையில் எத்தனை. நான்கும் 61 என்று வந்தால் நல்லது, வராமல் போவதுதான் வழக்கம். ரெட்கேப்பில் 64 இருந்தால் மூன்று சோதனை ரெக்கார்டுகளாக இருக்கலாம். படிவம் 59 என்றால் இரண்டு பேரின் டேட்டா ஒப்புதல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அதை அன்றே பி.ஐ.யிடம் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் படிவங்களை மாதிரிக்கு எடுத்துப் பார்க்காதீர்கள், 61-ஐயும் பாருங்கள். அடிக்குறிப்பில் உள்ள பதிப்பு எண், அன்றைக்கு அனுமதியில் இருந்த பதிப்புதானா? கையெழுத்தும் தேதியும் பங்கேற்பாளரின் கையெழுத்திலேயே இருக்கின்றனவா? ஒப்புதல் தேதி முதல் வினாப்பட்டியலுக்கு முந்தையதா? எல்லாப் பக்கமும் உண்டா? நகல் கொடுத்ததற்குக் குறிப்பு உண்டா? அதிகம் அகப்படுவது பழைய பதிப்புதான். திருத்தம் அனுமதியான பிறகும் மேசை இழுப்பறையில் இருந்த பழைய நகல்கட்டு தீரும்வரை ஓடியிருக்கும். அந்தக் கட்டைத் தேடி எடுத்து, பதிப்பு வாரியாக ஒன்று மட்டும் ஆவணத்துக்கு வைத்துவிட்டு மீதியை அழியுங்கள்.

தவறு கண்டால் அந்தத் தாளைச் சரிசெய்யப் போகாதீர்கள். என்ன கண்டீர்கள், எப்போது கண்டீர்கள் என்று ஒரு 'நோட் டு ஃபைல்' எழுதித் தேதியிட்டு, பி.ஐ. வழியாகக் கமிட்டிக்கு விதிமீறலாகத் தெரிவியுங்கள். உங்கள் கையால் எழுதிய பதிவில் பிழை வந்தால் ஒரே கோடு, அடித்தது படிக்கும்படி, பக்கத்தில் இனிஷியலும் தேதியும். வெள்ளை மை வேண்டவே வேண்டாம்.

நீலக்குறிஞ்சி:

2-வது கேள்விக்கு: இதுவரை வாங்கிய பரிசோதனைப் படிவங்களைச் சேர்க்கக் கூடாது. அந்த மாணவர்கள் தங்கள் உடல்நலத்துக்காக நிரப்பினார்கள், ஆய்வுக்காக அல்ல. 'பெயரை எடுத்துவிட்டுச் சேர்த்துக்கொள்வோம்' என்பதும் நீங்களோ பி.ஐ.யோ தனியாக எடுக்கிற முடிவு அல்ல. அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை இரண்டாம்நிலைப் பகுப்பாய்வுக்கு எடுக்க வழி உண்டு, ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி அனுமதி வேண்டும். அப்படியே கிடைத்தாலும் அது வேறொரு ஆய்வு. உங்கள் 61 பேரைப் போல அவர்களை 6 மாதம் தொடர முடியாது, 144-இல் அவர்களை எண்ணவும் முடியாது.

செய்யக்கூடியது இது. பரிசோதனை முடிந்து, மதிப்பெண் சொல்லி, தேவையானவரைக் கவுன்சலரிடம் அனுப்பி, சேவை முழுவதும் முடிந்த பிறகு, வேறொரு மேசையில் வேறொருவர் 'இப்படி ஓர் ஆய்வு நடக்கிறது, கேட்க விருப்பமா?' என்று கேட்கலாம். அந்த மேசை, அந்த வாசகம், கையில் தரும் தாள் மூன்றும் புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்ட ஆவணத்தில்) எழுதி அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும்.

மேசையும் ஆளும் ஏன் வேறாக இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்கள் பதவியின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. காலையில் முகாமில் டோக்கன் கொடுத்தவர் நீங்கள், மதியம் ஆய்வில் சேரச் சொல்பவரும் நீங்கள். மாணவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஹெல்த் சென்டர். மறுத்தால் அடுத்த முறை அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போகுமோ என்ற தயக்கம் வரும். மறுப்பது சிகிச்சையைப் பாதிக்காது என்று படிவத்தில் அச்சடித்தால் போதாது, ஏற்பாடும் அப்படி இருக்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரைச் சார்ந்திருப்பவரிடம், அந்த உறவுக்குச் சம்பந்தமில்லாத தகுதியான ஒருவர்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று, மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சின்கி பிரகடனமே சொல்கிறது. கவுன்சலர் தன் கிளையண்டையும், ஆசிரியர் தன் வகுப்பு மாணவரையும் சேர்ப்பதற்கும் இதே தடைதான். வகுப்பில் ஆசிரியர் அறிவிக்கலாம், ஆனால் யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது அவருக்கு ஒருபோதும் தெரியக் கூடாது.

முதலாமாண்டில் 18 வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். பிறந்த தேதியைத் தகுதிப் பட்டியலின் முதல் கேள்வியாக வையுங்கள். 'கல்லூரி மாணவர்தானே' என்று கடந்துபோய், பின்னால் பெற்றோர் அனுமதி இல்லாத ரெக்கார்டுகளாகத் தேங்கி நிற்பது அடிக்கடி நடக்கிறது.

வெண்பலகை:

மூன்றாவது கேள்வியைத்தான் முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டும். எழுத்தில் ஏற்பாடு இல்லையென்றால், அது தயாராகும்வரை புதிய சர்வே அழைப்புகளை நிறுத்திவைக்கும்படி பி.ஐ.யிடம் கேளுங்கள். ஏற்கெனவே அட்டவணையில் ஏறியிருக்கும் ஃபாலோ-அப் மின்னஞ்சல்களை மறந்துவிடாதீர்கள், அவை தாமாகவே போய்க்கொண்டிருக்கும்.

பி.எச்.கியூ-9 கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பொதுவாக 10-ம் அதற்கு மேலும் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் என்று எடுப்பார்கள். ஆனால் ஒன்பதாவது கேள்வியை மொத்த மதிப்பெண்ணோடு கட்டிவைக்காதீர்கள். மொத்தம் 6 வந்தவரும் ஒன்பதாவதில் 1 போட்டிருக்கலாம். 0 தவிர எது வந்தாலும் அந்த மாணவருக்குத் தொலைபேசி அழைப்பு போக வேண்டும்.

ரெட்கேப்பில் 'அலர்ட்ஸ் அண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில், அப்படிப் பதில் வந்ததும் நமக்கு மின்னஞ்சலில் அலர்ட் வரும்படி அமைக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அலர்ட்டை, படிவம் 'கம்ப்ளீட்' ஆனால் மட்டும் போகும்படி வைத்தால், ஒன்பதாவது கேள்விக்குப் பதில் தந்துவிட்டு அடுத்த பக்கத்தில் மூடிவிட்டுப் போகிறவரைப் பற்றி நமக்கு அலர்ட்டே வராது. நடுவில் நிறுத்துகிறவர்தான் நாம் கவலைப்பட வேண்டிய ஆளாகவும் இருக்கலாம். ஆகவே, பி.எச்.கியூ-9-ஐத் தனிப் பக்கமாக வையுங்கள். 'நெக்ஸ்ட்' அழுத்தியதும் அந்தப் பக்கம் சேமிக்கப்படும். அலர்ட்டை, எந்த நிலையில் சேமித்தாலும் போகும்படி மாற்றுங்கள். 'நெக்ஸ்ட்' அழுத்தும் முன்பே மூடினால் பதில் சேமிக்கப்படாது, அலர்ட்டும் வராது. அதனால்தான் உதவி எண்கள் அந்தப் பக்கத்திலேயே, கேள்விகளுக்குக் கீழே, எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

அமைத்ததும் ஐந்து சோதனை ரெக்கார்டுகள் போடுங்கள்: ஒன்பதாவதில் 0, 1, 3, வெற்றிடம், பிறகு 2 போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் நிறுத்தியது. மூன்று அலர்ட் வர வேண்டும், ஸ்பேமில் விழாமல் வர வேண்டும். மின்னஞ்சல் தலைப்பில் பெயரோ பதிலோ இருக்கக் கூடாது. ரெக்கார்டு எண் மட்டும் போதும்.

அலர்ட் யாருக்கு என்பதுதான் பெரிய விஷயம். ஒரு தனிநபரின் மின்னஞ்சலுக்கு மட்டும் போனால் அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள். குறைந்தது இரண்டு பேர், அதோடு முறை வைத்துக் கைமாறும் ஒரு டூட்டி போன். எத்தனை மணி நேரத்தில் தொடர்புகொள்வோம் என்று எழுத வேண்டும், அந்த நேரம் உங்களால் உண்மையில் நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இரவில் பார்க்க ஆளில்லை என்றால் அதை மறைக்காமல் வினாப்பட்டியலின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்: 'உங்கள் பதில்கள் உடனுக்குடன் பார்க்கப்படுவதில்லை. இப்போதே உதவி தேவையென்றால் இந்த எண்ணை அழையுங்கள்.' சர்வே இணைப்பைத் திங்கள் முதல் புதன்வரை காலையில் அனுப்புங்கள். வெள்ளி மாலை வேண்டாம். கவுன்சலிங் மூடியிருக்கும் விடுமுறையில் அறவே வேண்டாம்.

ஆபத்தின் அளவை மதிப்பிடுவது கோஆர்டினேட்டரின் வேலை அல்ல, பயிற்சி பெற்ற கிளினிஷியனின் வேலை. உங்கள் வேலை தொடர்பு கிடைக்கச் செய்து கைமாற்றுவது. தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது 'தனியாகப் பேச முடியுமா, இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்பது. ஊருக்குப் போயிருக்கும் மாணவரை வளாகத்தில் தேடி நேரம் போகக் கூடாது. எடுக்கவில்லை என்றால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் மறுபடி அழைப்பது, பிறகு யாரைத் தொடர்புகொள்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சியையும் நேரத்தோடு தனிப் பாதுகாப்புப் பதிவேட்டில் குறியுங்கள், ஆய்வு டேட்டாவுக்குள் வேண்டாம். இப்படித் தொடர்புகொள்வோம், இந்த இடத்தில் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்று ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் திருத்த விண்ணப்பம் போடுங்கள்.

ஒன்பதாவது கேள்வியே வேண்டாம் என்று முடிவெடுக்கும் ஆய்வுகள் உண்டு. அப்போது அது பி.எச்.கியூ-8, மொத்தம் 24. பெயர் குறிப்பிடாத சர்வேயில் யாரையும் தேடிப் போக முடியாது என்பதால் அது நியாயமான தேர்வு. உங்களுடையது அடையாளம் தெரிந்த ஆய்வு, 61 பேர் ஏற்கெனவே ஒன்பது கேள்விக்கும் பதில் தந்துவிட்டார்கள். நடுவழியில் மாற்றாதீர்கள், ஏற்பாட்டைப் பலப்படுத்துங்கள்.

இன்னொன்று: ஏற்கெனவே வந்த பதில்களில் ஒன்பதாவதில் 0 அல்லாதவை எத்தனை, அவர்களை யாராவது தொடர்புகொண்டார்களா என்று லாகின் கிடைத்த அன்றே பாருங்கள். பதிவு இல்லையென்றால் அதே நாளில் பி.ஐ.க்கும் கிளினிஷியனுக்கும் தெரிய வேண்டும்.

தும்பை:

டேட்டா பக்கம் நான் சொல்றேன். முதல்ல அந்த 144 தப்பு. 144 பேரில் 20 சதவீதம் போனா மிச்சம் 115 தான். 120-ஐ 0.8 ஆல வகுக்கணும், 150 வரும். ஆறு பேர் வித்தியாசம்தானேன்னு விட்டுடாதீங்க, பி.ஐ.கிட்டயும் புள்ளியியல் பார்க்கிறவர்கிட்டயும் சொல்லித் திருத்தம் போடுங்க. அனுமதி வாங்கின எண்ணிக்கையைத் தாண்டி ஒருத்தரைச் சேர்த்தாலும் அது விதிமீறல்.

சேர்க்கை மெதுவா இருக்குன்னா எந்தப் படியில நிக்குதுன்னு பாருங்க. ஸ்கிரீனிங் லாகை (யாரையெல்லாம் சேர்க்கப் பார்த்தோம்ங்கிற பதிவேடு) வாரவாரம் அஞ்சு எண்ணாப் பிரிங்க: எத்தனை பேருக்குத் தகவல் போச்சு, எத்தனை பேர் பதில் போட்டாங்க, எத்தனை பேர் தகுதி, எத்தனை பேர் ஒப்புதல் தந்தாங்க, எத்தனை பேர் முதல் வினாப்பட்டியலை முடிச்சாங்க. பதில் போட்டவங்களுக்கும் ஒப்புதலுக்கும் நடுவுல விழுந்தா, பெரும்பாலும் நம்ம திரும்பக் கூப்பிடுற தாமதம்தான் காரணம். அதே நாள் கூப்பிட்டா வர்றவங்க ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டா வர மாட்டாங்க. தகுதியில நிறைய பேர் விழுந்தா விதியையே பி.ஐ. மறுபடி பார்க்கணும். போஸ்டர் அதிகமா ஒட்டினா அதுக்கு மருந்து ஆகாது.

சேர்க்கைக்கு முன்னாடி கல்வி நாட்காட்டியை எடுத்து, சேர்ற தேதியோட 3 மாசம், 6 மாசம் கூட்டிப் பாருங்க. ஃபாலோ-அப் தேர்வு வாரத்துலயோ நீண்ட விடுமுறையிலயோ விழுதா? தேர்வு நேரத்துல தூக்கமும் மனநிலையும் மாறும், அது உங்க அளவீட்டுக்குள்ளயே நுழைஞ்சுடும். கடைசி வருஷ மாணவங்க படிப்பு முடிச்சதும் பல்கலைக்கழக மின்னஞ்சல் அடைஞ்சுபோகும், 6 மாசத் தொடர்பு அதோட அறுந்துடும். அதனால சொந்த மின்னஞ்சல், போன், இன்னொருத்தர் எண் எல்லாம் சேரும்போதே, ஒப்புதலோட வாங்கணும்.

ரெட்கேப்ல மூணு விஷயம். மதிப்பெண்ணை 'சம்' ஃபங்ஷன்ல கூட்டியிருந்தா அது வெற்றிடத்தைத் தாண்டிப் போயிடும். ஆறு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னவருக்கும் மொத்தம் வந்து நிக்கும், குறைஞ்ச மனச்சோர்வு மாதிரி தெரியும். எத்தனை கேள்விக்குப் பதில் வந்ததுன்னு பக்கத்துல ஒரு ஃபீல்டு வைங்க. ரெண்டாவது, புரொடக்ஷனுக்கு (உண்மையான டேட்டா வாங்குற நிலைக்கு) போன பிறகு விடைகளோட எண் குறியீட்டை மாத்தாதீங்க. 1 = ஆம், 2 = இல்லைன்னு இருந்ததைத் திருப்பினா பழைய டேட்டா அப்படியே இருக்கும், அர்த்தம் மட்டும் தலைகீழாயிடும். மூணாவது, ஆய்வு எண்ணா மாணவரோட பல்கலைக்கழகப் பதிவு எண்ணைப் போடாதீங்க, வெறும் 007-ம் வேண்டாம். எக்செல்ல திறந்ததும் 7 ஆயிடும். முன்னாடி ஒரு எழுத்து சேருங்க. பெயரையும் ஆய்வு எண்ணையும் இணைக்கிற ஃபைல் தனி இடத்துல, தனி அனுமதியோட இருக்கணும். பகிர்வு ஃபோல்டர்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல கிடக்கும், பாருங்க.

மஞ்சணத்தி:

எல்லோரும் ஆய்வைப் பற்றியே பேசிவிட்டீர்கள், முகாமுக்கும் இரண்டு வார்த்தை. தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுவார்கள். ஆனால் ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி., டெட்டனஸ் போன்றவை உறைந்தால்தான் உடனே கெடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை நேராகப் பெட்டிக்குள் வைப்பதுதான் காரணமாக இருக்கும். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை பொறுத்து அப்புறம் அடுக்குங்கள். ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் உட்காரவைக்க இடம் வேண்டும். இந்த வயதில் மயங்கி விழுவது சகஜம், வரிசையை வேகமாக நகர்த்துகிறேன் என்று நாற்காலியைக் குறைக்காதீர்கள்.

ஆய்வுப் பங்கேற்பாளருக்குத் தரும் ஊக்கத்தொகையிலும் ஒன்று கவனியுங்கள். கணக்குப் பிரிவு பெயர், கையெழுத்தோடு பட்டியல் கேட்கும். வவுச்சரின் தலைப்பில் 'மனச்சோர்வு ஆய்வு' என்று இருந்தால், பூட்டிவைத்த ரகசியம் எல்லாம் அந்த ஒரு தாளில் வெளியே போய்விடும். ஆய்வுக்கு ஒரு குறுங்குறியீடு வைத்து அதை மட்டும் எழுதுங்கள். கணக்குப் பிரிவுக்கு எந்த விவரம் போகும் என்பதும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும்.

தாழை:

அனைவருக்கும் மிக்க நன்றி. அலர்ட்டைப் பற்றி பி.ஐ.யிடம் இன்றே பேசுகிறேன். கார்முகில் அவர்களிடம் ஒரு சந்தேகம்: சில படிவங்களில் கையெழுத்து மட்டும் இருந்து தேதி இல்லாமல் இருந்தால், அந்த மாணவரை வரவழைத்து அன்றைய தேதியைப் போடச் சொல்லலாமா?

கார்முகில்:

'அன்றைய' என்றால் அவர் கையெழுத்திட்ட பழைய நாளைச் சொல்கிறீர்கள் என்றால், கூடாது. அது முன்தேதியிடுவது. மாணவரே எழுதினாலும் முன்தேதிதான்.

பழைய படிவத்தை அப்படியே விடுங்கள். ரெட்கேப்பின் நேரமுத்திரை, அப்பாயின்ட்மென்ட் பதிவு, ஒப்புதல் உரையாடல் குறிப்பு ஆகியவற்றில் அந்த நாளைக் காட்டுவது எது இருக்கிறதோ அதை நோட் டு ஃபைலில் எழுதி, விதிமீறலாகத் தெரிவியுங்கள். கமிட்டி மறு ஒப்புதல் கேட்டால், இப்போது அனுமதியில் உள்ள பதிப்பில், விளக்கம் முழுவதையும் மறுபடி சொல்லி, கையெழுத்து வாங்கும் நாளின் தேதியோடு புதிய படிவம் வாங்குங்கள். பழையதும் புதியதும் ஒன்றாகக் கோர்த்து அவருடைய ஃபைலிலேயே இருக்கட்டும். விளக்கத்தை மறுபடி கேட்டுவிட்டு அவர் தொடர விருப்பமில்லை என்றால் அதையும் ஏற்று, விலகல் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதுவரை தந்த டேட்டாவை என்ன செய்வது என்பதற்குப் படிவத்தில் எழுதியிருப்பதே விதி.